மூன்று விரல் சிக்னல்

தைரியராஜும் பாக்கியநாதனும் பேசிக்கொள்வதில்லை என்பது எங்கள் சைட்டில் சிமெண்ட் மூட்டைக்குக்கூடத் தெரியும். இருவரும் மாமன் மச்சான். தைரியராஜ் கட்டியிருப்பது பாக்கியநாதனின் கூடப்பிறந்த அக்கா ரோசரியை. பாக்கியநாதன் கிரேன் ஓட்டுகிறவர். தைரியராஜ் அந்தக் கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் கொடுக்கிறவர். மூன்று வருஷமாக வாய் வார்த்தை கிடையாது. ஆனால் காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். கல்யாணமான புதிதில் புருஷன் பெண்டாட்டிகூட அவ்வளவு நேரம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் அந்தச் சைட்டில் ஸ்டோர் கீப்பர், பெயர் நவநீதன். பொன்மலைப்பட்டியில் தைரியராஜ் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அதனால் இந்த விவகாரம் பாதி சைட்டிலும் பாதி வீட்டிலுமாக என் கண்ணில் பட்டது. நமக்கெதற்கு என்று ஒதுங்கிப் போகலாமென்றால் மாடிப்படி அவர்கள் சமையலறை ஜன்னலை ஒட்டித்தான் ஏறுகிறது.

காவிரியில் பாலம் வேலை. தெற்கே மலைக்கோட்டை, வடக்கே ஸ்ரீரங்கத்துக் கோபுரம், நடுவே தீயாகச் சுடும் மணலில் நாங்கள். மே மாதம், அக்கினி நட்சத்திரம். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் ஜூன் பாதிக்கு மேல் இங்கே வந்துவிடும். அதற்குள் ஆற்றுக்குள் இருக்கும் தூண்களை எல்லாம் மேலே ஏற்றியாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பொதுப்பணித்துறைக்குப் பதில் சொல்லலாம், காவிரிக்குப் பதில் சொல்ல முடியாது.

தூண் வார்ப்பதற்கு இரும்பு ஷட்டர். அரை வட்டமாக வளைத்த கனத்த தகடு, இரண்டு ஆள் உயரம் இருக்கும். இரண்டு பாதிகளைச் சேர்த்து போல்ட் முடுக்கினால் தூணுக்கு அச்சு தயார். ஒரு பாதி ஒன்றரை டன். உள்பக்கம் ஆயில் தடவி, கிரேனில் தூக்கி, கம்பிக் கூட்டைச் சுற்றி இறக்கி, கான்கிரீட் போட்டு, இறுகியதும் கழற்றி அடுத்த தூணுக்குக் கொண்டுபோக வேண்டும். கழற்றும்போது சுலபத்தில் வராது. ஆயில் சரியாகப் படாத இடத்தில் ஒட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் போக மறுக்கிற பிள்ளை மாதிரி தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும். கிரேன் இழுக்கும், கொக்கியில் மாட்டிய ஸ்லிங் கயிறு விறைக்கும், கீழே இரண்டு பேர் கடப்பாரையால் நெம்புவார்கள். திடீரென்று விட்டுவிட்டு ஓர் ஆட்டம் ஆடும். அந்த நேரத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

அந்த ஆட்டத்தைத் தைரியராஜ் ஒரு கை சிக்னலில் அடக்குவார். அதுவும் மூன்று விரல் கையில். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு கிடையாது. கட்டை விரல், மோதிர விரல், சுண்டு விரல் மட்டும். அந்தக் கைக்குக் கயிற்றை இறுக்கிப் பிடிக்கிற தெம்பு இல்லை. அதனால் ஷட்டரின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் கயிறு இடது கையில், சிக்னல் வலது கையில். 'தூக்கு' என்பதற்கு ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்ற வேண்டும். இவர் சுண்டு விரலைச் சுழற்றுவார். 'மெதுவாக இறக்கு' என்பதற்கு மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து கோழி இறகு மாதிரி லேசாக அசையும். வேறு எந்த ஆபரேட்டர் பார்த்தாலும் கொசு விரட்டுகிறார் என்றுதான் நினைப்பான். பாக்கியநாதனுக்கு மட்டும் அது அச்சடித்த எழுத்து.

ஒன்றரை டன் இரும்பு ஆகாயத்தில் தொங்க, அதன் அடியில் மச்சானை நம்பி நிற்பார் தைரியராஜ். அதே மச்சான் கிரேனை விட்டு இறங்கி வந்து தொட்ட குடத்திலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார்.

மத்தியானச் சாப்பாட்டில் எனக்கு ஒரு வேலை இருந்தது. ரோசரி அக்கா புருஷனுக்கு டிபன் கேரியர் கட்டும்போதே ஒரு சம்படம் என் பையில் வைத்துவிடுவார். நவநீதன் என்ற பெயர் அவர் வாயில் நவநீதம்தான்.

"நவநீதம், இது நாதனுக்கு. கத்திரிக்கா போட்ட கருவாட்டுக் கொழம்பு. அவருக்குத் தெரிய வேணாம்."

"கொழம்பு வாசனை தெருமுனை வரைக்கும் அடிக்குது. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?"

"தெரிஞ்சா தெரியட்டும். நான் சொல்லல இல்ல, அது போதும்."

பாக்கியநாதன் கிரேன் நிழலில் உட்கார்ந்து அந்தக் குழம்பைத் தின்பார். முப்பதடி தள்ளி ஷட்டர் நிழலில் உட்கார்ந்து தைரியராஜ் அதே குழம்பைத் தின்பார். ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, "இன்னிக்குக் கொழம்புல உப்பு கம்மி. அங்கயும் அப்படித்தானாமா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

நடந்தது இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்கு நெல் கொட்டி வைக்கும் பெரிய கான்கிரீட் தொட்டி கட்டினோம். அங்கேயும் வட்ட ஷட்டர்தான். பாக்கியநாதன் ஆபரேட்டராகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஷட்டரின் ஒரு பாதி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே ஏற்கெனவே நிறுத்தியிருந்த ஷட்டரின் போல்ட் ஓட்டைகளோடு சேருகிறதா என்று தைரியராஜ் வலது கையை விளிம்பில் வைத்துத் தடவிப் பார்த்தார். இடது கையை முஷ்டியாக மூடித் தலைக்கு மேலே உயர்த்தினார். முஷ்டி என்றால் 'நிறுத்து'. ஷட்டர் நிற்கவில்லை.

அந்த ஒரு நொடியில் பாக்கியநாதன் கையைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தார். போன் பண்ணியது ரோசரி அக்கா. மகள் ஜாஸ்லினுக்குக் கே.கே. நகரில் ஒரு லேபில் வேலை கிடைத்து ஆர்டர் வந்திருந்தது. புருஷனுக்கு அடித்தார், அவர் போன் என் ஸ்டோரில் சாப்பாட்டுப் பையோடு கிடந்தது. சரி, தம்பியிடம் சொல்லுவோம் என்று அடித்தார். நல்ல சேதி சொல்லத்தான் அடித்தார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கம்பெனி ஆட்கள் விசாரிக்க வந்தார்கள். கிரேன் கேபினில் போனைத் தொட்டால் அதோடு சீட்டுக் கிழிந்தது, வேறு எந்தக் கம்பெனியிலும் சேர முடியாது. தைரியராஜ் படுத்தபடியே, "நான்தான் நிறுத்துன்னு காட்டறதுக்குப் பதிலா இறக்குன்னு காட்டிட்டேன்" என்றார். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பாக்கியநாதன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதை நான் பார்த்தேன்.

இத்தோடு போயிருந்தால் மாமன் மச்சான் உறவு மலைக்கோட்டை மாதிரி நின்றிருக்கும். மூன்று மாதம் கழித்துப் பாக்கியநாதனின் இரண்டாவது பிள்ளை ஜெஸ்வினுக்கு ஞானஸ்நான விருந்து. பந்தியில் தைரியராஜ் மூன்று விரலால் பிரியாணியைக் கூட்டி எடுக்கப் பழகிக்கொண்டிருந்தார். யாரோ கையைப் பார்த்துவிட்டு, "எப்படிங்க ஆச்சு?" என்று கேட்டார்கள். பரிமாறிக்கொண்டிருந்த பாக்கியநாதன், "மாமாவே தப்பா சிக்னல் குடுத்துட்டாருங்க. என்ன பண்றது, நேரம்" என்றார். தைரியராஜ் இலையை மூடினார். கையைக் கழுவினார். ரோசரியைக்கூடக் கூப்பிடாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றோடு சரி.

விரல் போனதற்கு அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. தான் கொடுத்த பொய்யை மச்சானே தன் மேல் தூக்கிப் போட்டதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

இந்த மே மாதம் சேஃப்டிக்கு அனிஷா என்று புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தது. துவாக்குடி என்ஜினியரிங் காலேஜில் படித்த பெண். கெட்ட பெண் அல்ல, யாரையும் அதட்டிப் பேசாது. ஆனால் எதையும் படித்துப் பார்க்கும். படித்துப் பார்க்கிறவர்களால்தான் உலகத்தில் பாதித் தொல்லை. வந்த பத்தாம் நாள் எல்லோருடைய ஃபைலையும் எடுத்துப் படித்தது. அப்புறம் தைரியராஜைக் கூப்பிட்டது. நான் கையுறை எண்ணிக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"அண்ணா, உங்க சிக்னல் ஸ்டாண்டர்ட் சிக்னல் இல்ல. அது ஒண்ணு. கயிறும் நீங்களே பிடிக்கிறீங்க, சிக்னலும் நீங்களே குடுக்குறீங்க. அது ரெண்டு. அதையெல்லாம் நான் வாக்கி டாக்கி வாங்கிக் குடுத்துச் சரி பண்ணிடுவேன். ஆனா இந்த ரிப்போர்ட்ல, ஆக்சிடென்ட்டுக்குக் காரணம் சிக்னல்மேன் தவறுன்னு இருக்கே. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"கைநாட்டு, மேடம். வலது கையில கட்டு இருந்துச்சு. இடது கட்டை விரல் வச்சேன்."

"இப்படி ரிப்போர்ட் இருக்குறவர சிக்னலுக்கு வைக்கக் கூடாதுண்ணா. இத்தனை நாள் எப்படி விட்டாங்கன்னே தெரியல. இதுல எழுதியிருக்கிறது உண்மைதானா?"

தைரியராஜ் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"எழுதினது எழுதினதுதான், மேடம்."

"அப்ப திங்கக்கிழமையிலேர்ந்து யார்டுல ஷட்டர் க்ளீனிங் பாருங்க. சம்பளம் குறையாம நான் பேசுறேன்."

"சரிங்க."

விசிலையும் சிவப்பு பச்சைக் கொடிகளையும் என் மேஜை மேல் கொண்டுவந்து வைத்தார். சிக்னல்மேனுக்கு மட்டும் ஆரஞ்சு ஜாக்கெட், மற்றவர்களுக்குப் பச்சை. ஆரஞ்சைக் கழற்றி மடித்து வைத்தார். பச்சை ஒன்று எடுத்துக் கொடுத்தேன். "அளவு சரியா இருக்குமா?" என்று கேட்டார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, சரியாக இருக்கும் என்றேன்.

அன்று சாயங்காலம் மாடியேறப் போனவனை ரோசரி அக்கா ஜன்னல் வழியாகவே பிடித்துவிட்டார். "நவநீதம், உள்ள வாங்க. இவரு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாரு. என்ன ஆச்சு?"

நான் சொன்னேன். ஜாஸ்லின் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. மேஜை மேல் பத்திரிகைக் கட்டு. அதில் ஒன்று மட்டும் தனியாக, பெயர் எழுதாமல், சுவரில் இருந்த மாதா படத்துக்குக் கீழே சொருகியிருந்தது. யாருக்கென்று எனக்குத் தெரியும். தைரியராஜ் நாற்காலியில் உட்கார்ந்து காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நடந்ததை அந்த மேடத்துக்கிட்டச் சொல்லிட்டா என்ன?"

"சொல்லி? ஒன் தம்பிய வீட்டுக்கு அனுப்பச் சொல்றியா?"

"அவன அனுப்பச் சொல்லல."

"வேற என்ன சொல்ற? ஒண்ணு, நான் தப்புப் பண்ணேன். இல்லாட்டி அவன் தப்புப் பண்ணான். ரெண்டு பேரும் பண்ணலைன்னா ஷட்டர் தானா எறங்குச்சா?"

"நான் பண்ணேன்னு சொல்லுங்க. போன் போட்டது நான்தான."

"நீ என்ன கம்பெனி ஸ்டாஃபா? ஒன் பேர எந்த ரிப்போர்ட்டுல எழுதுவாங்க?"

ரோசரி அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "சம்பந்தி வீட்ல கேட்டா என்னன்னு சொல்றது?" என்றார். "பொண்ணோட அப்பா சிக்னல்மேன்னு அவங்க ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டிருக்காங்க. அந்த மாப்பிள்ளைத் தம்பி பாலத்துக்கே வந்து நின்னு உங்களப் போட்டோ புடிச்சுட்டுப் போச்சு."

"ஷட்டருக்கு ஆயில் தடவுறாருன்னு சொல்லு. அதுவும் வேலைதான்." சொல்லும்போது குரல் இறங்கித்தான் வந்தது. "ஆயில் ஒழுங்காத் தடவலைன்னா எந்த சிக்னல்மேன் வந்தாலும் ஷட்டர் வராது."

"சரி, அத விடுங்க. பத்திரிகையாச்சும் கொண்டுபோய் அவன்கிட்டக் குடுங்க. தாய்மாமன் இல்லாம என் பொண்ணு கோயில் படி ஏறுமா?"

"நான் குடுக்க மாட்டேன்னு சொன்னனா? அன்னிக்குப் பந்தியில நாப்பது பேரு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னான்ல, அது இல்லைன்னு ஒரு நாலு பேரு முன்னாடி சொல்லட்டும். அன்னிக்கே தட்டோட போறேன்."

"அவன் சொன்னா அவன் வேலை போயிருமே!"

"அதுனாலதான் நான் கேக்கல."

ஜாஸ்லின் வந்து அம்மா கையில் காபியைக் கொடுத்துவிட்டு, என்னிடமும் ஒரு டம்ளர் நீட்டியது. அதில் சர்க்கரையே இல்லை. குடித்துவிட்டு மாடிக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் தெரிவிக்கவும் என்று சாமியார் வாசித்து முடித்தார். கோயில் விட்டதும் ரோசரி அக்கா நேரே என் பைக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "திருவானைக்காவல் வரைக்கும் போயிட்டு வரலாமா, நவநீதம்?" நான் கோயிலுக்குப் போகிறவன் அல்ல, காய்கறி வாங்க வந்தவன். இருந்தாலும் போனோம்.

அங்கே பாக்கியநாதன் தன் வீட்டு வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் குழாயை மூடினார். அவர் கண் நேராக அக்காவின் கைப்பைக்குப் போனது. பத்திரிகை இல்லை என்று தெரிந்ததும் ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

"நான் ஒன்னயச் சொல்லச் சொல்லி வரல, நாதா," என்று அக்கா எடுத்த எடுப்பிலேயே சொன்னார். "ஒனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"அப்ப எதுக்குக்கா வந்த?"

"ஓலை வாசிச்சாங்க. நீ இல்லாம கோயில்ல உக்காந்திருந்தது ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் வந்தேன்."

பாக்கியநாதன் ஈரக் கையை லுங்கியில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

"அன்னிக்குப் பந்தியில என் மாமனார் பக்கத்துல நின்னாருக்கா. மருமகன் கிரேன் ஓட்டுறான்னு அப்பத்தான் பெருமைப்பட்டுக்கிட்டிருந்தவரு. கேட்டதும் வாயில அதுதான் வந்துச்சு. சொன்னப்புறம் மாமா மூஞ்சியப் பாத்தேன். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் அவரு கையத்தான் பாக்குறேன், மூஞ்சியப் பாக்கல."

"போய் அவருக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"என்னான்னு? மன்னிச்சிருங்கன்னா? வெரல் முளைச்சிருமா? ஒவ்வொரு சைட்டு மாறும்போதும் எனக்குச் சிக்னலுக்கு அவருதான் வேணும்னு மேனேஜர்கிட்ட நின்னு கேட்டு வாங்கினேன். நவநீதன் அண்ணன கேளு. அவரு கைய வேற எவனும் படிக்க மாட்டான்னு தெரியும். வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலக்கா."

அது உண்மைதான். கேட்டு வாங்கியதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். தைரியராஜுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இந்த மூன்று வருஷம் மூன்று மாதத்தில் முடிந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. ஊமையாக இருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர் மட்டுமல்ல.

திரும்பும் வழியில் காவிரிப் பாலத்தில் அக்கா பைக்கை நிறுத்தச் சொன்னார். மேற்கே எங்கள் கிரேன் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கொக்கி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. "இவ்வளவு பெரிசா இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை. புதுச் சிக்னல்மேன் வீரமலை ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்தான். பத்து விரலும் முழுசாக இருந்தன. வாக்கி டாக்கி நான்கு வந்திருந்தது. கிரேனுக்கு ஒன்று, வீரமலைக்கு ஒன்று, அனிஷாவுக்கு ஒன்று. நான்காவது என் ஸ்டோர் அலமாரியில் சார்ஜில் கிடந்தது. ஒன்றில் பேசினால் நான்கிலும் கேட்கும், சத்தமும் அதிகம்.

ஸ்டோருக்கு முன்னால்தான் யார்டு. தைரியராஜ் குந்தி உட்கார்ந்து ஒரு ஷட்டரின் உள்வளைவில் வேஸ்ட் துணியால் ஆயில் தேய்த்துக்கொண்டிருந்தார். வெயில் தகட்டில் பட்டு அவர் முகத்தில் அடித்தது. அங்கே ஐந்தாம் தூணுக்கு ஷட்டர் கொக்கியில் மாட்டியாகிவிட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் தேய்க்கிற கை வீரமலையின் விசில் கேட்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்றது.

அலமாரியில் கரகரவென்று குரல் வந்தது. "ரெடிண்ணே. தூக்குங்கண்ணே."

இஞ்சின் சத்தம் ஏறவில்லை.

"அண்ணே, தூக்குங்கண்ணே. எல்லாம் ரெடி."

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" இது பாக்கியநாதன் குரல்.

"சொல்லுங்க. கிரேன்ல ஏதும் பிரச்சனையா?"

"கிரேன்ல இல்ல, மேடம். மண்ணச்சநல்லூர் சைட்டுல தைரியராஜ் மாமா கை போச்சுல்ல, அந்த ரிப்போர்ட்டு தப்பு. அவரு நிறுத்துன்னுதான் காட்டுனாரு. இடது கையில, நல்லாத் தலைக்கு மேல. நான்தான் பாக்கல. போனப் பாத்துக்கிட்டிருந்தேன்."

சைட்டில் அரைக்கிற மெஷின் சத்தம்கூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது. நிற்கவில்லை, எனக்குத்தான் அப்படி.

"பாக்கியநாதன், இது லிஃப்டிங் சேனல். எல்லாரும் கேக்குறாங்க. ஆபீசுக்கு வாங்க, பேசலாம்."

"எல்லாரும் கேக்கட்டும், மேடம். அன்னிக்கு நான் பொய் சொன்னப்பவும் எல்லாரும் கேட்டாங்க. என் வேலைய காப்பாத்துறதுக்கு அவரு பழிய வாங்கிக்கிட்டாரு. நான் அதையே நெசமாக்கிட்டேன். அவ்வளவுதான், மேடம். எழுதிக்கங்க."

நான் யார்டைப் பார்த்தேன். தைரியராஜ் அதே இடத்தில் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆயில் அங்கே ஏற்கெனவே வழிந்துகொண்டிருந்தது. பிறகு எழுந்தார், துணியைப் போட்டார், ஸ்டோருக்குள் வந்து சார்ஜில் இருந்ததை உருவி எடுத்தார். எதை அழுத்துவது என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார். பக்கவாட்டுப் பொத்தானைக் காட்டினேன். கட்டை விரலால் அழுத்தினார்.

"மச்சான்."

மறுபக்கம் வெறும் கரகரப்பு.

"ஷட்டர் தரையிலதான இருக்கு?"

"ஆமா, மாமா."

"ஸ்லிங்க எளக்கி விட்டுட்டு எறங்கி வா. வெறைப்பா விட்டுட்டு எறங்காத, கீழ ஆளு நிக்கிது."

"சரி, மாமா."

கருவியை என்னிடம் கொடுத்தார். அதில் அவர் மூன்று விரலும் ஆயிலில் பதிந்திருந்தன. "தண்ணி இருக்கா?" என்று கேட்டார். குடத்தைக் காட்டினேன். குடித்தார், முகத்திலும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். முகம் முழுக்க ஈரமாக இருந்ததால் அழுதாரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் அழுதேன்.

அனிஷா தன் வேலையைச் செய்தது. பாக்கியநாதனை அன்று மத்தியானமே கிரேன் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், வார முடிவில் கம்பெனியிலிருந்தும். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காகத் தைரியராஜுக்கு ஒரு மெமோ. கூடவே ஒரு டெஸ்ட் வைத்து, தேறிவிட்டார் என்று எழுதி, ஆரஞ்சு ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். கயிறு பிடிக்க வேறு ஆள். புது ஆபரேட்டர் பீகார்க்காரர். அவருக்கு மூன்று விரல் புரியாது, தமிழும் புரியாது. தைரியராஜ் வாக்கி டாக்கியை வாயில் வைத்துக்கொண்டு, தூக்கு, இறக்கு, நிறுத்து என்பதை நாளெல்லாம் "உப்பர், உப்பர்... நீச்சே... ருக்கோ, ருக்கோ!" என்று கத்திக்கொண்டிருந்தார். மச்சானோடு மூன்று வருஷம் மூடியிருந்த வாய் இப்போது இந்தியில் ஓயாமல் போனது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தொண்டை கட்டி, ரோசரி அக்கா கொடுக்கும் மிளகு ரசத்தை மட்டும் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். "இதுக்கு என் மச்சானே தேவல," என்று ஒருநாள் கிசுகிசுத்தார்.

பத்திரிகையை அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். நானும் போனேன். என்ன பேசினார்கள் என்று கேட்டால், ஒன்றும் பேசவில்லை. "ரெண்டு வாரம் கழிச்சு வர்ற புதன்கிழமை. காலையில பத்து மணி பூசை," என்றார் இவர். "சரி, மாமா," என்றார் அவர். பாக்கியநாதன் இப்போது மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில் லாரி ஓட்டுகிறார். சம்பளம் பாதிதான்.

ஜூன் மூன்றாம் வாரம் காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசி ஷட்டரை அதற்கு இரண்டு நாள் முன்னால் கரையேற்றியிருந்தோம். புதன்கிழமை கல்யாணப் பூசை முடிந்து, தாய்மாமன் சீராகப் பாக்கியநாதன் பட்டுப்புடவையும் மாலையும் கொண்டுவந்து வைத்தார். ஜாஸ்லின் அவர் காலில் விழுந்து எழுந்தது. அப்புறம் பங்கு மண்டபத்தில் பந்தி.

நான் தைரியராஜுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆள் வைத்திருந்தும் பாக்கியநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரியாணி வாளியோடு தானே பரிமாற வந்தார். மாமா இலைக்கு வந்ததும் கரண்டி நிறைய அள்ளிப் போட்டார். இன்னொன்று போட்டார். சட்டைப் பையில் அவர் போன் அடிக்க ஆரம்பித்தது. மண்டபத்தின் அந்தக் கோடியில் ரோசரி அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பது தெரிந்தது. கறி வாளி எங்கே என்று கேட்பதற்காக இருக்கும். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

போதும் என்றால் எல்லோரும் இலைக்கு மேலே கையை விரித்து மறைப்பார்கள். தைரியராஜ் மூன்று விரலாலும் சோற்றைப் பிசைந்துகொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், இடது கையை முஷ்டியாக மூடித் தலைக்கு மேலே உயர்த்தினார்.

மூன்றாவது கரண்டி பாதி வழியில் நின்றது. ஒரு பருக்கைகூடக் கீழே விழவில்லை. அவர் கையை இறக்கும் வரை பாக்கியநாதன் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.